ஞாயிற்றுக்கிழமை அச்சடித்த அறிக்கை

ராயபுரத்தில், துப்புத் துலக்குவதில் பேர் பெற்ற ஹபீபுல்லாவின் வீட்டுக்கு அங்கம்மா வந்திருந்தாள். மணலியில் எண்ணெய்த் தொட்டி வெடித்து இருபது நாள் ஆகிறது. அங்கே ஒப்பந்தக் கூலியாக இருந்த அவள் கணவன் மாசானத்தைக் காணோம். கருகிய உடல் ஒன்று கிடைத்தது. மகளின் ரத்தத்தை வைத்து டி.என்.ஏ. சோதனை செய்ததில், அது மாசானம் இல்லை என்று அறிக்கை வந்திருந்தது.

“அப்போ உசுரோட கீறாருன்னுதானே அர்த்தம், பாய்? ஏன் இன்னும் வூட்டுக்கு வர்ல? எவன்னா அடைச்சு வெச்சுகினுகீறானா? வந்துடுவாருன்னு ராத்திரில கதவுக்குத் தாப்பாகூடப் போட்றதில்ல. வயசுப் பொண்ண வெச்சுகினு பயந்து சாவுறேன்.”

அறிக்கையை நீட்டினாள். ஒப்பந்தக் கம்பெனி மேனேஜர் குணசேகரன் ஞாயிற்றுக்கிழமை அவளை வரவழைத்துக் கொடுத்ததாம். தாளின் அடியில் பொடி எழுத்தில் 1-1-1980 என்று அச்சாகியிருந்தது.

“எண்பதா? மாசானமே அப்போ அரை டவுசர் போட்டுகினு இருந்திருப்பான்! மிஷின் மக்கர், வுடு பாய்,” என்றார் கூட இருந்த நண்பர் பீம்ராவ். துப்புத் துலக்கும் ஆசையில் பாதியாவது பொறுமையும் அவருக்கு இருந்திருக்கலாம். ஹபீபுல்லா தாளை மடித்துப் பையில் வைத்தார்.

மூவரும் தண்டையார்பேட்டையில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனார்கள்.

“லேப்லேர்ந்து வர்ற ரிப்போர்ட்டை கம்ப்யூட்டர்ல டைப் பண்ணிட்டு, வைக்க எடமில்லன்னு அசலைக் கொளுத்திடுவோம். பாஸ்வேர்டு எனக்கும் சபீஹாவுக்கும்தான் தெரியும். நான் அந்த மிஷினைத் தொட்டதே இல்ல. தப்பு இருந்தா அவளைக் கேளுங்க,” என்றார் குணசேகரன்.

ஆபரேட்டர் சபீஹாவின் முகம் வெளுத்தது.

“காலையில வந்ததும் முதல்ல என்னம்மா செய்வே?” என்று மெதுவாகக் கேட்டார் ஹபீபுல்லா.

“தேதி போடுவேன், சார். உள்ள இருக்கற குட்டி பேட்டரி செத்துடுச்சு. கரண்ட்டை நிறுத்தினா தேதி எண்பதுக்குப் போயிடும். அச்சடிக்கிற தாளோட அடியிலயும் அதுதான் விழும். என் தலையில கட்டிடுவாங்கன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல.”

“ஞாயித்துக்கிழமை?”

“எனக்கு லீவு.”

ஹபீபுல்லா அறிக்கையை மேசைமேல் விரித்தார். “இந்தப் பொண்ணு அச்சடிச்சிருந்தா தேதி சரியா இருந்திருக்கும். தேதி கெட்டது தெரியாத ஒருத்தர் மிஷினைப் போட்டிருக்கார். பாஸ்வேர்டு தெரிஞ்ச இன்னொரு ஆள் நீங்கதான், குணசேகரன்.”

“தேதி தப்புன்னா ரிப்போர்ட்டும் தப்பா?”

“சபீஹா, நகல் எடுத்து வைக்கிறது உண்டா?”

“சனிக்கிழமை தவறாம சி.டி.யில ஏத்திடுவேன், சார்.” மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள். திரையில் அதே அறிக்கை வந்தது. கடைசி வரி மட்டும் வேறு: பொருந்துகிறது.

குணசேகரன் நாற்காலியில் சரிந்தார். “நஷ்டஈடு குடுக்காம இருக்க, செத்தது நம்ம ஆள் இல்ல, திருட வந்தவன்னு காட்டச் சொல்லி மேலிடத்துல சொன்னாங்க சார்...”

“மாட்னான் பாரு!” என்று கையைத் தட்டிய பீம்ராவ், அங்கம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அப்போ இன்னிலேர்ந்து கதவுக்குத் தாப்பா போட்டுக்கட்டுமா, பாய்?”

“போட்டுக்கோம்மா,” என்றார் ஹபீபுல்லா.