பாதிக் கட்டுப் பிரண்டை

கடையில் இருந்தது ஒரே ஒரு கட்டுப் பிரண்டை. அதன் ஒரு முனையை டானியலா பிடித்திருந்தாள். மறு முனையை ஒரு நீலச் சட்டைக்காரன் பிடித்திருந்தான்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விடுகிற உத்தேசம் மழைக்கும் இல்லை, இவர்கள் இருவருக்கும் இல்லை.

"நான்தான் முதல்ல எடுத்தேன்," என்றாள்.

"நான் முதல்லயே பார்த்துட்டேன் லா," என்றான் அவன்.

பார்த்ததற்கெல்லாம் பாத்தியதையா? நன்றாக ஒரு முறை முறைத்துவிடலாம் என்றுதான் நிமிர்ந்தாள். வந்தது வினை... மழையில் நனைந்த இமைகளோடு இரண்டு கண்கள், சிரிப்பை அடக்கமுடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. முறைக்க வந்தவள் எதற்கு நிமிர்ந்தோம் என்பதையே மறந்து போனாள்.

கடைக்காரர் நாகூர் கனிக்கு இதையெல்லாம் ரசிக்க நேரமில்லை. கத்தியை எடுத்தார், கட்டை நடுவில் வெட்டினார், ஆளுக்குப் பாதி என்று நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

டானியலாவின் கையில் ரப்பர் உறை இருந்தது. அவனோ வெறுங்கை. வெட்டின பிரண்டையைச் சும்மா தொடக்கூடாது, அரிக்கும், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் நறுக்க வேண்டும், புளி போட்டு வதக்க வேண்டும் என்று அக்கறையாகத்தான் சொன்னாள். கப்பல் இரும்பையே தொடுகிற கை இது, பிரண்டை என்ன செய்துவிடும் என்று அவன் ஜம்பம் அடித்தான். ஐந்தே நிமிஷம்... இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று சொறிந்துகொண்டு நின்றான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மழை விடவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே மேசையில் கோப்பி குடித்தார்கள். வேறு வழியில்லாமல்தான்... அப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவன் பெயர் அகிலன். வீடு செம்பவாங்கில், வேலை துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில். அவன் அம்மா சரஸ்வதி பஸ்ஸில் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாராம். அவருக்காகத்தான் இந்தப் பிரண்டை. எலும்புப்புரை, உள்ளே எலும்பு பொத்தல் பொத்தலாகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லி, வாரத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். இன்னொரு முறை விழுந்தால் இடுப்பெலும்பே போய்விடலாம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை.

அவளும் தன் கதையைச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் எலும்புச் செல்களை வளர்க்கிறாள். வயதாக ஆக உடம்பிலேயே உண்டாகிற சில நச்சுப் பொருள்கள் அந்தச் செல்களை அரித்துக் கொல்கின்றன. பிரண்டையில் இருக்கும் சத்து அதைத் தடுக்குமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இதை யாரிடம் சொன்னாலும் பதிலுக்குக் கொட்டாவிதான் வரும். இவன் கொட்டாவி விடவில்லை.

"கப்பலுக்கு அடியில ஜிங்க் கட்டி ஒட்டுவோம்," என்றான். "உப்புத் தண்ணி அதைத்தான் முதல்ல தின்னும். இரும்பு தப்பிச்சிடும். உங்க பிரண்டையும் அப்படித்தானா?"

அடப்பாவி! மூன்று வருஷமாக வீட்டில் விளக்க அவள் படாத பாடு பட்ட விஷயம். ஒரு கோப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டானே... அந்த நிமிஷமே டானியலா விழுந்துவிட்டாள். ஆனால் ஒத்துக்கொள்வாளா என்ன?

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கட்டு, இரண்டு பாதி, இரண்டு கோப்பி. நான்காவது சனிக்கிழமை அவள் குடையைக்கூட மடக்காமல் ஓடி வந்தாள். பிரண்டைச் சாறு கொடுத்த செல்களில் நூற்றுக்கு எழுபது பிழைத்துவிட்டன. கொடுக்காதவற்றில் முப்பதுதான். சொல்லச் சொல்ல அவள் முகமெல்லாம் பூரிப்பு. அவன் கணக்கைக் கேட்டானா, அந்த முகத்தைப் பார்த்தானா... கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு வாரம் கழித்து அவன் ஒரே குஷியாக வந்தான். எழுபது பிழைத்த கதையை அம்மாவிடம் சொன்னானாம். அம்மா அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டாராம். இனி தினமும் பிரண்டைத் துவையல்தானாம். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கோப்பிகூட இல்லாமல் அரை மணி நேரம் சாயாமல் உட்கார்ந்திருக்கிற தண்டனை ஒழிந்தது என்று அம்மாவுக்குக் கொண்டாட்டமாம்.

டானியலா கோப்பியைத் தள்ளி வைத்தாள்.

"தட்டுல இருக்கிற செல் வேற, உங்கம்மா எலும்பு வேற. மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?"

"நீங்கதானே எழுபது பிழைச்சிடுச்சுன்னு சொன்னீங்க."

"அதுக்காக? இது கூடவா உங்களுக்குப் புரியாது?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

"எங்கம்மா மேல அக்கறையா, இல்ல உங்க ஆராய்ச்சி பேரு கெட்டுடும்னு பயமா?"

சுருக்கென்று தைத்தது. எழுந்தாள், நடந்தாள், திரும்பியே பார்க்கவில்லை.

இரண்டு சனிக்கிழமை தேக்கா பக்கமே போகவில்லை. யாருக்கு வேண்டும் அவன்? அப்படி என்ன பெரிய... ஆனால் தட்டைப் பார்க்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஓர் அம்மா பஸ்ஸில் இடறி விழுவது கண்முன் வந்தது. சோதனை நடந்தது ஒரே ராத்திரி, ஒரே தட்டில். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? பெருமையில் பாதியைத்தானே சொன்னாள்? கோபம் அவன்மேல் பாதி என்றால், தன்மேல் மீதி.

மூன்றாவது சனிக்கிழமை நாகூர் கனி முழுக் கட்டையும் நீட்டினார்.

"தம்பி தன் பாதியையும் உங்களுக்கே குடுக்கச் சொல்லிட்டாரும்மா. அவங்கம்மா மாத்திரையைத் தொட மாட்டேங்கிறாங்களாம். ஆளு முகமே சரியில்ல."

அங்கேயே நின்று, வீட்டு முகவரி வேண்டும் என்று அகிலனுக்குச் செய்தி அனுப்பினாள். போனைப் பைக்குள் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் செம்பவாங்கில் அகிலன் கதவைத் திறந்தான். "உங்க பாதி," என்று பிரண்டையை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றி உட்கார்ந்திருந்த சரஸ்வதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அந்த எழுபதுப் பொண்ணு?"

"ஆமா ஆன்டி. ஆனா மீதியைச் சொல்லாம விட்டுட்டேன். அது வெறும் தட்டுல நடந்தது. மனுஷங்க எலும்புக்கு என்ன செய்யும்னு எனக்கு இன்னும் தெரியாது. துவையல் சாப்பிடுங்க, ஆனா மாத்திரையை விடாதீங்க. தப்பு என்னோடது."

"தப்பு கிடக்கட்டும்மா. கோப்பி இல்லாம அரை மணி நேரம் குந்திப் பாரு. அப்பத் தெரியும்."

"எனக்குத் தெரியும் ஆன்டி. சர்ச் பூசையில நற்கருணை அப்பம் வாங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நாங்களும் எதையும் தொட மாட்டோம். இன்னிக்கு எனக்கு எட்டரை மணிப் பூசை. நானும் கோப்பி குடிக்காமத்தான் வந்திருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்தே உட்காருவோம்."

மகன் மூன்று வாரம் கெஞ்சியும் மசியாத அம்மா, வந்த பெண் பட்டினியாக எதிரில் உட்கார்ந்ததும் அசைந்து கொடுத்தார். ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. மாத்திரை உள்ளே போயிற்று.

அகிலன் நல்லெண்ணெய் தடவிய கைகளோடு சமையலறை வாசலில் நின்றான். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றான் மெதுவாக.

"நானும்தான் கத்தினேன்... மாத்திரை எத்தனை வருஷத்துக்கு?"

"டாக்டர் அஞ்சு வருஷம்னாரு."

"சரி. அஞ்சு வருஷமும் ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"அதுக்கப்புறம்?"

அவள் தலை நிமிரவில்லை. அவன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அஞ்சு வருஷம் எனக்குப் போதாது டானியலா. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அந்தக் கட்டை இழுத்தீங்களே... அன்னிக்கே."

"எனக்கும்..." என்றாள். இப்போதுதான் நிமிர்ந்தாள். "எனக்கும் அன்னிக்கேதான்."

சரஸ்வதி தொண்டையைச் செருமினார். இருவரும் திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். கடிகாரத்தில் மணி எட்டு.

"அரை மணி எப்பவோ ஆயிடுச்சு," என்றார். "நீங்க பேசி முடிக்கட்டும்னுதான் கோப்பி கேக்காம உட்கார்ந்திருக்கேன்."