ஏரிக்கரைக்கு மாற்று ஆள்

"எனக்குப் பதிலா யாருக்கா வர்றது?"

போன கார்த்திகைப் புயலில், ரேடியோ செட் வழியாக ஜீவா தாட்சாயிணியிடம் கேட்ட கேள்வி இது. குரலில் பயம் இல்லை. திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவன். "உள்ள தள்ளி ஒக்காருங்கம்மா" என்று சொல்கிற அதே சிரிப்போடுதான் கேட்டான்.

"என் வீட்டுக்காரர்தான் வர்றார். கிளம்பிட்டார்" என்றாள் அவள்.

"சாரா? அப்ப சரி. இங்க தண்ணி படியேறிகினு கீதுக்கா, கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லு."

அவன் தெளிவாகப் பேசி அவள் கேட்டது அதுதான் கடைசி.

அவர்கள் எல்லாரும் ஹாம் ரேடியோக்காரர்கள். பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, சொந்தச் செட்டில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தினமும் இருட்டுகிற நேரத்தில் எல்லாரும் ஒரே அலைவரிசைக்கு வந்து ஆஜர் சொல்வார்கள். யார் மாடி ஏரியல் சாய்ந்தது, யார் மகளுக்கு வரன் அமைந்தது என்று பேசிவிட்டுப் போவார்கள். புயல் வந்து செல்போன் எல்லாம் படுத்துவிட்டால் வேலையே அவர்களுக்குத்தான். கையடக்கச் செட்டோடு ஆளுக்கோர் இடத்தில் போய் உட்கார்ந்து, படகு எங்கே, பால் எங்கே, மருந்து எங்கே என்று சேதி கடத்துவார்கள். கூலி கிடையாது. கட்டுப்பாடு ஒன்றுதான். உட்கார்ந்த இடத்தை விட்டு, மாற்று ஆள் வந்து சேராமல் எழுந்திருக்கக் கூடாது. வந்து சேர்ந்தால், உட்கார்ந்திருந்தவனே அங்கிருந்து தன் வாயால் "மாற்று ஆள் வந்தாச்சு, ஒப்படைச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான், எல்லாரையும் ஒருங்கிணைத்து நடத்தும் 'கன்ட்ரோல்' அவனை விடுவிக்கும்.

அன்றைக்குக் கன்ட்ரோல் தாட்சாயிணி. ஜீவா இருந்தது செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே, பாதி கட்டி நின்ற ஒரு கிடங்கில். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ஏரிக்கரை'. மாற்று ஆள் மணவாளன். மணவாளன் செட்டில் பேசவில்லை. செல்போன் அப்போது விட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்தது. அதில் கூப்பிட்டு, "வந்து சேர்ந்துட்டேன், அவனை ரிலீவ் பண்ணிடு" என்றான். கட்டிய புருஷன் சொல்கிறான். ஜீவாவின் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தைக்கு அவள் காத்திருக்கவில்லை. ஏரிக்கரை மாற்றப்பட்டது என்று அறிவித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மெல்லிய குரல் நடுநடுவே முட்டிப் பார்த்தது. பெரிய ஏரியல்காரர்களின் பேச்சுக்கு அடியில் அது நசுங்கிப் போனது.

தண்ணீர் வடிந்ததும் ஜீவாவை ஒரு முள்வேலியில் கண்டெடுத்தார்கள். அவன் செட் மட்டும் கிடைக்கவில்லை.

"நான் போறப்ப அவன் அங்க இல்ல. சொல்லாம கிளம்பிப் போயிட்டிருக்கான்" என்றான் மணவாளன். சங்கம் தலையாட்டியது. வேன் டிரைவர்தானே, பொறுப்பு எங்கிருந்து வரும் என்று யாரோ செட்டிலேயே சொன்னார்கள். ஆண்டு விழாவில் தலைவர் ஹேமநாதன், வெள்ளத்துக்குள் துணிந்து போனதற்காக மணவாளனுக்குப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார். ஜீவாவின் அம்மா அங்கம்மாவை யாரும் அழைக்கவில்லை. அவளாகவே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நீட்டிய கேசரியைத் தொடவில்லை. போகும்போது தாட்சாயிணியின் முழங்கையைப் பிடித்துக் கேட்டாள்: "எம்புள்ள சொல்லாம கெளம்பற ஆளாம்மா?"

தாட்சாயிணி அவள் கையை மெல்ல எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

இந்த வருஷமும் மழை வந்தது. கூவம் நிறைந்து, சேற்றுவாடை அவர்களுடைய திருவேற்காட்டு வீட்டின் நாலாவது மாடி பால்கனி வரை ஏறியது. கொடியில் துணிகள் காயாமல் புழுங்கின. செட் இருக்கும் சின்ன அறையில் அவள் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்ததும் வழக்கம்போல, "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டு, பேசுவதற்கு அழுத்தியிருந்த பொத்தானை விட்டாள். யாரும் பேசாதபோது அந்தச் செட்டிலிருந்து வாணலியில் எண்ணெய் காய்வது போல ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். வருஷக் கணக்கில் கேட்டுக் கேட்டு அது அவளுக்குக் காதிலேயே விழாது.

அன்று அது நின்றபோதுதான் விழுந்தது.

இரைச்சல் சட்டென்று அடங்கினால், எங்கோ ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். அழுத்தியவர் பேசவில்லை. செட்டின் முகத்தில், வருகிற அலையின் பலத்தைக் காட்டும் கோடுகளில் ஒன்றே ஒன்று எரிந்தது. எங்கோ தூரத்து ஆள். பிறகு கோடு அணைந்தது. எண்ணெய் மறுபடி காய்ந்தது.

"யாரோ பொத்தானை அழுத்தினாங்க, மறுபடி சொல்லுங்க" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே மேடம்" என்றார் ஆவடியிலிருந்து ஹேமநாதன். "உங்க பில்டிங்ல எவனாவது மிக்ஸி போட்டிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாளும் ஆஜர் முடிந்த அதே இடத்தில் இரைச்சல் அடங்கியது. கோடுகள் கூடுதலாக எரிந்தன. அந்த மௌனத்துக்குள் ஏதோ சொட்டியது. கூரை ஒழுகித் தரையில் விழுகிற சொட்டு இல்லை. நிறைந்த தண்ணீருக்குள் தண்ணீர் விழுகிற சொட்டு, பெரிய இருட்டான கட்டடத்துக்குள் விழுந்து எதிரொலிப்பது. அதற்கும் பின்னால், நனைந்த சட்டையோடு குளிரில் நிற்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடுவது போல மூச்சு. கூடத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மணவாளனின் டம்ளர் சத்தம் நின்றது.

"அதை அணைச்சிட்டு வா. சாப்பிடலாம்" என்றான்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என்ன கேட்டுச்சா? அணைடி."

அவள் அணைத்தாள். அவன் சாப்பிடும்போது சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அடுத்த நாள் இன்னும் சில கோடுகள். தூரம் எப்படிக் குறைகிறது என்று அந்தக் கோடுகளைப் பார்த்துச் சொல்வது அவளுக்குக் கைவந்த வேலை. குத்தம்பாக்கத்திலிருந்து யாராவது கையடக்கச் செட்டில் பேசினால் இவ்வளவு காட்டும். அதற்கடுத்த நாள் காட்டியது பூந்தமல்லி. அதற்கும் அடுத்த நாள், ஷேர் வேன்கள் வந்து திரும்புமே, அந்தத் திருவேற்காட்டுக் கோயில் தெரு. வேன் போகிற வழியிலேயே ஏதோ வந்துகொண்டிருந்தது. நடந்து. மெதுவாக. ஒவ்வொரு மாலையும் கொஞ்சம்.

கோயில் தெரு வரை வந்த அன்று அது பேசியது.

"கன்ட்ரோல்... கன்ட்ரோல்... ஏரிக்கரை."

வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். இருந்தும் அவளுக்குத் தெரிந்த குரல்.

"எனக்குப் பதிலா யாருக்கா வர்றது?"

அவள் பொத்தானை அழுத்தவில்லை. சங்கத்தில் மற்ற எல்லாரும் அலைவரிசையில் இருந்தார்கள்; ஹேமநாதன் தம் பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு எல்லாரையும் அழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன. அப்படிக் கேட்கவே கேட்காது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் பலமானது மெலிந்ததை விழுங்கிவிடும். போன வருஷம் விழுங்கியதே.

திரும்பினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மணவாளன் நின்றிருந்தான். உதடுகள் வெளுத்திருந்தன.

"அன்னிக்கு நீங்க எதுவரைக்கும் போனீங்க?" என்று கேட்டாள். ஒரு வருஷமாகத் தொண்டைக்குள் இருந்த கேள்வி. கேட்ட பிறகுதான் அது அங்கே இருந்தது அவளுக்கே தெரிந்தது.

அவன் கதவு நிலையில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"குத்தம்பாக்கம்" என்றான். "புது பஸ் நிலையத்துக் கூரைக்குக் கீழ நின்னுட்டேன். அதுக்கு மேல ரோடே தெரியல தாட்சா. எல்லாம் தண்ணி. பயந்துட்டேன்."

"வந்து சேர்ந்துட்டேன்னு ஏன் சொன்னீங்க?"

"அவன் அந்த ஊர்க்காரன். நீ ரிலீவ் பண்ணிட்டா அவனே கிளம்பிடுவான்னு நினைச்சேன். நீச்சல் தெரிஞ்சவன்தானே."

ஜீவா கிளம்ப மாட்டான். கன்ட்ரோல் நூறு தரம் விடுவித்தாலும், தன் இடத்தில் ஓர் ஆள் வந்து நிற்காமல் கிளம்ப மாட்டான். அது சங்கத்துக்கே தெரியும். தெரிந்துதான் தலையாட்டினார்கள். கேடயம் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே, தூசு தட்டி வைக்கப்பட்டிருந்தது. தட்டி வைத்தவள் அவள்தான்.

"நாளைக்கு ஆஜர் எடுக்காதே" என்றான் அவன். "செட்டையே வித்துடலாம்."

மறுநாள் அவள் செட்டைப் போடவில்லை. மழை வெறித்திருந்தது. விளக்கேற்றுகிற நேரத்தில் லிப்ட் யாரும் அழைக்காமல் கீழே போனது. கம்பிகள் முனகுவது சுவர் வழியாகக் கேட்டது. பிறகு மேலே வந்தது. கதவு திறந்து மூடியது. யாரும் இறங்கி நடக்கவில்லை. சேறும் டீசலும் அழுகிய ஆகாயத்தாமரையும் கலந்த வாடை, வாசல் கதவின் அடியிலிருந்து மெல்ல உள்ளே பரவியது. மணவாளன் சோபாவில் கால்களை மேலே இழுத்துக்கொண்டான், தரையில் ஏதோ ஏறுவது போல.

சின்ன அறையில் செட்டின் விளக்கு தானாக எரிந்தது.

அவள் போய்ப் பார்த்தாள். கோடுகள் எல்லாம் எரிந்தன. ஒன்றுகூட பாக்கியில்லை.

இரைச்சல் அடங்கியது.

பிறகு ஊளை. காதைக் கிழிக்கும், உயர்ந்துகொண்டே போகும் ஊளை. செட் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சத்தம் அது. புதிதாக உரிமம் வாங்கியவர்கள் செய்கிற தப்பு. மற்றவர்கள் கேலி செய்து சிரிப்பார்கள். பேசுகிற செட்டும் கேட்கிற செட்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் மட்டும்தான் அந்த ஊளை வரும்.

ஒரே வீட்டுக்குள்.

கூடத்துக்கு ஓடினாள். கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கேடயம் இருந்த இடத்தில் கையடக்கச் செட் ஒன்று நின்றது. ஏரியலில் பாசி. பேசும் துளைகளிலிருந்து சேற்றுத்தண்ணீர் தொலைக்காட்சியின் கண்ணாடி மேல் கோடாக இறங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை. பொத்தான் மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது.

"கன்ட்ரோல், ஏரிக்கரை." ஊளைக்கு அடியிலிருந்து, பொறுமையாக. "மாத்து ஆளு எங்கக்கா?"

"பேசாதே" என்றான் மணவாளன். "தாட்சா. உன் கால்ல விழறேன். பதில் சொல்லாதே."

கேட்ட கேள்விக்குக் கன்ட்ரோல் பதில் சொல்லியாக வேண்டும். போன வருஷம் அவள் சொன்ன பதில் பொய். அதை மாற்ற அவளிடம் இருந்தது ஒரு வாக்கியம்தான். அறைக்குள் போய் மைக்கை எடுத்தாள்.

"ஏரிக்கரை, கன்ட்ரோல்" என்றாள். "மாற்று ஆள் வரல, ஜீவா. இங்கதான் இருக்கார்."

ஊளை நின்றது.

கூடத்தில் சோபா முனகியது. அவள் எட்டிப் பார்த்தாள். மணவாளன் எழுந்து நின்றிருந்தான். அழவில்லை. ஆணியில் மாட்டியிருந்த மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்; போன வருஷம் போட்ட அதே கோட்டு. கழுத்து வரை பொத்தான் போட்டான். தொலைக்காட்சி மேலிருந்த செட்டை எடுத்துக் காதருகே வைத்து, யாரோ வழி சொல்வதைக் கேட்பவன் போலத் தலையசைத்தான்.

"என்னங்க" என்றாள்.

தாழ்ப்பாளை அவனே திறந்தான். செருப்பு போடவில்லை. வெளியே மழை இல்லை, மாடி நடைபாதை காய்ந்து கிடந்தது. அதில் அவனுடைய ஈரமில்லாத கால்களுக்குப் பக்கத்திலேயே, இன்னொரு சோடிக் கால்தடங்கள் ஒவ்வொன்றாகச் சேறாகப் பதிந்தன. வலது. இடது. வலது. இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிப் போவது போல.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கிப் போனான்.