கோச்சுக்கு மூன்றாம் இடம்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2:20.

ஹார்விக் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில், ஓட்டு எண்ணும் குழுவின் தலைவர் ஹாலிஸ் டார்பி பன்னிரண்டாவது ஓட்டுச் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். க்ரீச்சுக்குப் பத்து, மெரிவெதர் அம்மாளுக்கு இரண்டு. ஐந்து ஓட்டில் தோற்றுக்கொண்டிருந்த க்ரீச், மூன்று ஓட்டில் ஜெயித்துவிட்டார். ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வாஷிங்டன் போகிற ஒரு நாடாளுமன்ற நாற்காலி பன்னிரண்டு தாள்களில் கை மாறிவிட்டது.

மெரிவெதர் கட்சியின் சார்பில் குழுவில் இருந்த மெல்பா ஓடம், காலியான உறை ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினாள்.

"ஹாலிஸ், இதுல ரெண்டு பசை இருக்கு. உறையோட சொந்தப் பசை மஞ்சள். அதுக்கு மேல வெள்ளையா இது என்ன?"

பன்னிரண்டு உறைகளையும் பார்த்தார்கள். பன்னிரண்டிலும் அதே கதை. யாரோ ஆவி காட்டிப் பிரித்து, திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் க்ளென்டின் அஷரியின் மேசைக்குப் போனது. அங்கே வெள்ளைப் பசைப் புட்டி, மூடிகூட இல்லாமல், நின்றுகொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அந்த அலுவலகத்தின் குமாஸ்தா க்ளென்டின். ஓட்டுப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவளிடம், இன்னொன்று குழுத் தலைவர் ஹாலிஸிடம். ஹாலிஸ் வீட்டு வாசலில் க்ரீச்சுக்கு ஓட்டுக் கேட்கும் பலகை நட்டிருப்பது ஊருக்கே தெரியும். இரண்டு சாவியும் கூட்டுச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று மெல்பாவின் முகத்திலேயே எழுதியிருந்தது.

இந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டாவது வாங்காமல் யாரும் ஜெயிக்க முடியாது. நவம்பரில் மூன்று பேர் நின்றார்கள், யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் வெளியே. மீதி இரண்டு பேருக்கும் நான்கு வாரம் கழித்து மறுபடி ஓட்டு. வெளியே போனவர் ஹார்விக்கின் சொந்த மனிதர், பள்ளிக்கூடத்து ஃபுட்பால் கோச் பட்டி ஸ்டான்சில். தொகுதி முழுக்கத் தோற்றாலும் இந்த ஊரில் பத்துக்கு ஆறு ஓட்டு அவருக்குத்தான். பட்டாளத்துக்குப் போன ஹார்விக் பிள்ளைகள் எல்லாம் அவர் விசிலுக்கு ஓடி வளர்ந்தவர்கள், அவர் மகள் உட்பட.

அந்தப் பன்னிரண்டு உறைகளும் பட்டாளத்தாருடையவை. கடல் கடந்து இருப்பவருக்கு நான்கு வாரத்தில் இரண்டாம் சீட்டு போய்த் திரும்பாது. அதனால் செப்டம்பரிலேயே மூன்று பெயரும் போட்ட ஒரு சீட்டு அனுப்பிவிடுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். முதல் எண் போட்டவர் வெளியே போய்விட்டால், அடுத்த எண்ணுக்காரருக்கு அந்த ஓட்டு. சீட்டைப் பெயரில்லாத சின்ன உறையில் ஒட்டி, அதைத் தன் பெயர் எழுதிய வெளி உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். அக்டோபரில் வந்து சேர்ந்த உறைகளைக் க்ளென்டின்தான் முத்திரை குத்திப் பெட்டியில் வைத்தாள்.

2:45. துணை ஷெரிஃப் வெர்னெல் டக்கெட் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். க்ளென்டினும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அதனாலேயே வெர்னெல் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு முடிவை மாநிலத் தலைநகருக்கு அனுப்பியாகணும். அதுக்குள்ள பதில் கிடைக்கலைன்னா இந்தப் பன்னிரண்டும் செல்லாது. உன்னையும் நான் கூட்டிட்டுப் போகணும், க்ளென்டின். விலங்கு போட்டுத்தான்."

"நான் செய்யலடி."

"எனக்குத் தெரியும். நீதிபதிக்குத் தெரியணுமே?"

வெர்னெலின் விசாரணை சுருக்கமாக நடந்தது.

"உங்க சாவி எங்க இருக்கும், ஹாலிஸ்?"

"டிரக்குல. சாம்பல் தட்டுக்குள்ள."

"டிரக்கைப் பூட்டுவீங்களா?"

"ஹார்விக்ல எவன் டிரக்கைப் பூட்டுறான்? நீ பூட்டுறியா?"

வெர்னெலும் பூட்டுவதில்லை. மெல்பாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குச் சாவி கிடையாதுல்ல, மெல்பா?"

"கிடையாது. இருந்தாலும் என் கட்சியை நானே தோக்கடிக்க எனக்கென்ன பைத்தியமா?"

மீதி வேட் பாரிஷ். ஓட்டு இயந்திரங்களையும் அச்சு இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ள மூன்று வாரத்துக்கு முன் அட்லாண்டாவிலிருந்து வந்தவர். நாற்பது வயது, நல்ல பேச்சு. தினமும் க்ளென்டினுக்கு அவித்த வேர்க்கடலை வாங்கி வருவார்.

"நான் அந்தப் பெட்டிப் பக்கமே போனதில்ல மேடம். நேத்து மதியத்துல இருந்து அந்தப் பாழாப்போன பிரிண்டரோட மல்லுக்கட்டவே நேரம் சரியா இருக்கு."

பிரிண்டரின் மேல் 'தொடாதீர்கள்' என்று அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதனால்தான் அன்றைய கணக்கை எல்லாம் ஹாலிஸ் கையால் எழுத வேண்டியிருந்தது.

"மிஸ் க்ளென்டின் அப்படிச் செய்ற ஆள் இல்ல," என்று வேட் தானாகவே சேர்த்துக்கொண்டார். க்ளென்டினுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த அறையில் தனக்காகப் பேச ஒருவராவது இருக்கிறாரே என்று நெகிழ்ந்து போனாள்.

3:25. க்ளென்டின் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

"வெர்னெல், அந்தச் சீட்டுங்களை இன்னொரு தடவை பார்க்கலாமா? நான் தொடல. நீயே பரப்பு."

வெர்னெல் பன்னிரண்டையும் மேசையில் பரப்பினாள். க்ளென்டின் க்ரீச்சின் பெயரைப் பார்க்கவில்லை, மெரிவெதரின் பெயரையும் பார்க்கவில்லை. அதைத்தான் எல்லாரும் ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணும்போது ஹாலிஸ்கூடப் பழக்க தோஷத்தில் அந்த இரண்டு கட்டங்களைத்தான் படித்தார். தோற்றுப்போனவருடைய கட்டத்தை யார் பார்ப்பது? க்ளென்டின் பார்த்தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, பிறகு பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை.

பிறகு உறைகளை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"இதுல யார் யாரைத் தெரியும்னு ஒவ்வொருத்தரும் சொல்லுங்க. டெரல் பாஸ்."

"பெட்ரோல் பங்குக்காரன் பையன்," என்றார் ஹாலிஸ்.

"ஜோலீன் ரூயிஸ்."

"ஜோலீனா? அவ கல்யாணத்துல பன்றிக்கறி கருகிப்போனதே என்னாலதானே! இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க," என்றார் ஹாலிஸ்.

"கேக் நான் செஞ்சது," என்றாள் மெல்பா. "அது ஒண்ணுதான் அன்னிக்குத் தின்னும்படியா இருந்துது."

"வேட், உங்களுக்கு?"

"எனக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும், மிஸ் க்ளென்டின்? எல்லாம் வெறும் பேருதான்."

பன்னிரண்டு பெயரும் முடிந்தன. வேட்டுக்கு ஒருவரையும் தெரியவில்லை.

3:50. க்ளென்டின் வெர்னெலைத் தனியே அழைத்து இரண்டு வார்த்தை பேசினாள். வெர்னெல் ஃபோனை எடுத்தாள். கால் மணி நேரத்தில் தொப்பியும் விசிலுமாகக் கோச் ஸ்டான்சில் வந்து நின்றார்.

"கோச், உங்க பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டாள் க்ளென்டின்.

"என்ன கேள்வி இது? ஜோலீன்."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"ஜோலீன் ரூயிஸ். குவைத்ல இருக்கா. ஏன், அவளுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல கோச். உக்காருங்க." க்ளென்டின் மேசையில் பரப்பியிருந்த சீட்டுகளைச் சுட்டிக் காட்டினாள். "சீட்டை உறையில இருந்து பிரிச்சுட்டா எது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஆனா இந்தப் பன்னிரண்டு சீட்டுலயும், ஒண்ணு பாக்கி இல்லாம, கோச்சுக்கு மூணுன்னு போட்டிருக்கு. அப்போ ஜோலீனும் அவ அப்பாவுக்கு மூணாவது இடம் கொடுத்திருக்கணும். எந்தப் பொண்ணு அப்படிச் செய்வா?"

வெர்னெல் சீட்டுகளின் மேல் குனிந்தாள். க்ளென்டின் தொடர்ந்தாள்.

"இந்தச் சீட்டுங்க செப்டம்பர்ல போனது, அக்டோபர்ல வந்தது. அப்போ கோச் தோப்பார்னு யாருக்கும் தெரியாது. இதை எழுதின ஆளுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அதனால அவர் கோச்சைக் கணக்குலயே எடுத்துக்கல, கடைசியில தள்ளிட்டார். நவம்பருக்கு அப்புறம் உக்காந்து எழுதினது இது. ஹாலிஸ் எழுதியிருந்தா, ஜோலீன் பேரைப் பார்த்ததுமே ஒரு சீட்டுலயாவது கோச்சுக்கு ஒண்ணு போட்டிருப்பார். மெல்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஜோலீன் யாருன்னு தெரியாத ஆள் இந்த அலுவலகத்துல ஒருத்தர்தான்."

வேட் சிரித்தார். "நல்ல கதை. பெட்டியை நான் ஊதியா திறந்தேன்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியிலும் கொஞ்சம் கனம் இருந்தது.

"என் சாவியால," என்றாள். "நேத்து பன்னிரண்டரைக்கு சர்ச்சுல சாப்பாடு. சாவிக்கொத்தை நாற்காலி முதுகுல மாட்டிட்டுப் போனேன். முக்கால் மணி நேரம். மாட்டக்கூடாது. ஆனா மாட்டினேன், நீங்க இருக்கீங்களேன்னு. ஹாலிஸோட சாவி திறந்த டிரக்குல. காபி மெஷின்ல ஆவி, என் மேசையில பசை. வெளி உறையை மட்டும் பிரிச்சு, உள் உறையை அப்படியே எடுத்துட்டு, முன்னாடியே எழுதி வச்சிருந்ததைப் போட்டுட்டீங்க. உள்ள இருந்ததைப் படிச்சுக்கூடப் பார்க்கல. சீட்டு அச்சடிக்கிற மெஷின் உங்க கையிலதானே இருக்கு?"

"அப்போ நிஜமான சீட்டுங்க எங்க?" என்றாள் மெல்பா.

"வெளிய போகல. நவம்பர்ல இருந்து வாசல்ல எல்லார் பையையும் சோதிக்கிறாங்க. தாள் கிழிக்கிற மெஷினுக்குத் தேர்தல் முடியற வரைக்கும் முத்திரை. நேத்து மதியம் வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த பிரிண்டர், அதுக்கப்புறம் யாரும் தொடக்கூடாதுன்னு ஆயிடுச்சு. வெர்னெல், அதோட பின்பக்கக் கதவைத் திற."

வெர்னெல் திறந்தாள். கையை விட்டாள். ஒட்டியது ஒட்டியபடியே பன்னிரண்டு சின்ன உறைகள் வெளியே வந்தன.

வேட் நாற்காலியில் சரிந்தார். "க்ரீச் ஜெயிச்சா எனக்கு வாஷிங்டன்ல ஒரு அறை," என்றார் யாரையும் பார்க்காமல். "கதவுல என் பேரு. அவ்வளவுதான் கேட்டேன்."

"கதவு உண்டு," என்றாள் வெர்னெல். "பேரு போட மாட்டாங்க, நம்பர்தான்."

தினமும் தின்ற வேர்க்கடலை க்ளென்டினுக்குத் தொண்டையில் கசந்தது.

4:30. உள் உறைகள் பிரிக்கப்படாமல் இருந்ததால் எண்ணலாம் என்று ஹாலிஸ் சொன்னார். மெல்பா ஒரு நிமிடம் யோசித்தாள். வேண்டாம் என்றால் அவள் கட்சி ஐந்து ஓட்டில் ஜெயித்துவிடும்.

"எண்ணுங்க," என்றாள். "பிள்ளைங்க போட்ட ஓட்டு. குப்பையில போட நான் யாரு?"

இந்த முறை மூன்று கட்டங்களையும் ஹாலிஸ் சத்தமாகப் படித்தார். முதல் சீட்டு, கோச்சுக்கு ஒன்று. இரண்டாவது, கோச்சுக்கு ஒன்று. மூன்றாவதும் அப்படியே. கோச் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை எல்லாரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பதினொரு சீட்டு முடிந்தபோது பதினொன்றிலும் கோச்தான் முதல். இரண்டாம் எண்ணில் க்ரீச்சுக்கு எட்டு, மெரிவெதருக்கு மூன்று. அந்த ஐந்து ஓட்டு வித்தியாசம் சரியாகத் தீர்ந்து இருவரும் சமம்.

ஹாலிஸ் பன்னிரண்டாவதைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"க்ரீச், ஒண்ணு," என்றார். "மெரிவெதர், ரெண்டு." கோச்சைப் பார்க்காமல் சேர்த்தார். "கோச்... மூணு."

க்ரீச் ஒரு ஓட்டில் ஜெயித்துவிட்டார். வேட் பாரிஷ் எதையும் தொடாமல் வீட்டுக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். விலங்கு மாட்டிய கையோடு அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

ஆனால் க்ளென்டின் அவரைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த அந்த ஒரே ஒரு சீட்டைத்தான் பார்த்தாள். அரை மணி நேரத்துக்கு முன் அவள் தன் கழுத்தையே எதன் மேல் வைத்தாள் என்று இப்போதுதான் உறைத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பன்னிரண்டு சீட்டையும் ஒன்றாகச் சேர்த்து, சீட்டுக்கட்டு கலைப்பது போல நன்றாகக் கலைத்து உறையிலிட்டாள்.

"யாரோடதா இருக்கும்?" என்று வெர்னெல் காதருகே முணுமுணுத்தாள்.

"கேக்கக்கூடாதுடி. சட்டம்."

4:55. முடிவு தலைநகருக்குப் போய்விட்டது. கோச் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"க்ளென்டின், ஒரு சந்தேகம். என் பொண்ணு எனக்குத்தான் போட்டிருப்பான்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொன்னே?"

"எனக்கு வேற வழி இல்ல கோச்."

அவர் தலையை ஆட்டினார். சிரிக்க முயன்றார், பாதியில் நிறுத்திவிட்டார்.

"நானா இருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார்.