பதில் மணி

ஒதீல் தன் சைக்கிள் மணியை அடிக்கவில்லை. ஆனாலும் சுரங்கத்துக்குள்ளிருந்து பதில் மணி கேட்டது.

கால்வாய் குன்றைக் குடைந்துகொண்டு போகும் இடம் அது. தண்ணீரை ஒட்டி, ஒரு சைக்கிள் மட்டுமே போகிற அகலத்தில் கல்பாதை. நடுவில் வளைவு, அந்தப் பக்கத்து வெளிச்சம் இங்கே எட்டாது. உள்ளே போனவர் மணியடித்தால் வாசலில் நிற்பவர் பதிலுக்கு அடிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி வர முடியும்.

காலையில், படகுகளுக்கு மதகு திறந்துவிடும் மிரெய் சொல்லியிருந்தாள். "பதில் அடிக்க மறந்துடாதீங்கம்மா. நீங்க அடிக்கலைன்னா வேற ஏதாவது அடிச்சிடும்."

"இருபதுக்கு நாலு" என்றான் ஒதீலின் கணவன் ரெஜிஸ், மிரெயின் காதுபடவே.

பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கேரவன் வண்டியில் ஊர் ஊராகப் போய், ரொட்டிக்கும் தேவாலயத்துக்கும் மனிதர்களுக்கும் மதிப்பெண் போடுவதுதான் அவனுக்குச் சுற்றுலா. யாருக்கும் பதினைந்தைத் தாண்டியதில்லை. மனைவி ஒன்பதில் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது.

"உள்ள வர்றியா, இல்ல வழக்கம்போல நடுங்கிட்டு நிக்கப் போறியா?" சுரங்கத்து வாசலில் அவன் கேட்டான்.

"நிக்கறேன்."

"அது ஒண்ணுதான் உனக்கு நல்லா வரும்."

மஞ்சள் சட்டைக்குள் பிதுங்கிய அந்த முதுகு இருட்டில் கரைவதை ஒதீல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த முதுகுக்குப் பின்னால்தான் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது வாய் கசந்தது. உள்ளிருந்து அவன் மூன்று முறை அடித்தான், வகுப்பறை மேசையைத் தட்டுகிற அதே அவசரத்தோடு. அவள் கட்டைவிரல் மணியின் மேலேயே இருந்தது. கிடக்கட்டும் என்று தோன்றியது. சுவரைத் தடவித் தடவி வரட்டும்.

அப்போதுதான் அந்தப் பதில் கேட்டது. மூன்று முறை. ஈரத்துணிக்குள் சுற்றி அடித்ததுபோல. பாசியும் அழுகிய இலையும் கலந்த குளிர்ந்த வாடை சுரங்கத்தின் வாயிலிருந்து மெல்ல வெளியே வந்து அவள் கணுக்காலில் பட்டது.

சற்று நேரத்தில் ரெஜிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"நீ சொன்னது சரி" என்றான்.

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்தில் நிறுத்தியிருந்த கேரவனின் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தான். மேசை விளக்கைப் போட்டான். கால்வாயோரத்து நெட்டிலிங்க மரங்களுக்கிடையே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒதீல் பயற்றுச் சூப்பைச் சூடாக்கி வைத்தாள். அவன் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை பெய்யவில்லை. கேட்கலாமா என்று யோசித்தாள். இந்தப் பணிவு கலைந்துவிடுமோ என்று பேசாமல் இருந்தாள். அற்ப சுகம். அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

அவன் ஒரு கரண்டி குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இருபதுக்கு இருபது."

அவள் கையிலிருந்த ரொட்டி நழுவியது.

"ரெஜிஸ்?"

"அருமையா இருக்கு, ஒதீல். எல்லாமே அருமையா இருக்கு."

வெளியே, சுரங்கத்தின் பக்கமிருந்து மணி அடித்தது. மூன்று முறை. மேசையைத் தட்டுகிற அந்த அவசரம். அந்த ஏளனம். எதற்கும் உதவாதவளே, இதுகூடவா உனக்கு வராது என்கிற அந்தத் தொனி. உலகத்தில் வேறு யாராலும் ஒரு சைக்கிள் மணியை அவ்வளவு இளக்காரமாக அடிக்க முடியாது.

அவளுக்குத் தெரிந்த ஒரே ரெஜிஸ் அங்கே இருந்தான்.

எழுந்தாள். எதிரே இருந்தது தடுக்கவில்லை. புன்னகைத்துக்கொண்டே வழி விட்டது.

கேரவனின் பின்புறம் ஓடினாள். பதில் அடிக்கத் தன் சைக்கிளின் கைப்பிடியைத் துழாவினாள். திருகாணி இருந்தது. மணி இல்லை.

"ரெஜிஸ்!" என்று கத்தினாள். பனி அந்தச் சத்தத்தைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொண்டது.

சுரங்கத்திலிருந்து மறுபடி மணி. மூன்று. பிறகு இரண்டு. இப்போது அதில் ஏளனம் இல்லை.

பிறகு ஒன்று.

திரும்பினாள். விளக்கு வெளிச்சத்தில், திறந்த கதவு வழியே மேசை தெரிந்தது. அது அவள் கணவனின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. விரித்த உள்ளங்கையில் அவள் சைக்கிளின் மணி கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தட்டை நிறைத்து, மேசையை நிறைத்து, படி வழியாக இறங்கி அவள் காலைத் தொட்டது.

"உள்ள வா" என்றது அன்போடு. "சூப் ஆறுது."