கோணல் பொத்தான்

பட்டாணியின் அத்தை பெரிய தையல்காரர். தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கும் சட்டை அவர் தைத்ததுதான். மாடியில்தான் தையல் அறை. போன மாதம் அந்த மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் மனதில் பயம் புகுந்துகொண்டது. நிற்கும்போதே தள்ளாடினார்.

"தள்ளாட்டம் நிக்க அந்தச் சீன உடற்பயிற்சி, டாய் சி வகுப்புக்குப் போ அக்கா," என்றார் அப்பா. "டீச்சர் பத்து எண்ணுற வரைக்கும் ஒத்தைக் கால்ல நின்னு காட்டு. அப்புறம் மாடி ஏறு. இல்லன்னா அந்த அறையைப் பூட்டிட வேண்டியதுதான்."

அத்தையின் முகம் தொங்கிப்போனது. துணி வெட்டும் மேசையைக் கீழே இறக்கினால் வீட்டில் ஆள் இருக்க இடம் இருக்காது. அறை போனால் தையலும் போச்சு.

தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பட்டாணியும் வகுப்புக்குப் போனாள். நூலகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கூடம். அத்தை வயதுப் பெண்கள் கையைத் தூக்கி, காலை நகர்த்தி, மெதுவாக, மிக மெதுவாக அசைந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு அத்தை."

"வாயை மூடுடி. சிரிச்சா விழுந்துடுவேன்."

கடைசியில் சேவல் நிலை. ஒரு காலைத் தூக்கிச் சேவல் மாதிரி நிற்க வேண்டும். மற்றவர்கள் நின்றார்கள். அத்தையின் தலை மட்டும் குனிந்தது. உடம்பு ஆடியது. சட்டென்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கீழே பார்க்காதீங்கம்மா," என்றார் டீச்சர். "நேரா ஒரே இடத்தைப் பாருங்க. கண்ணு நின்னா உடம்பும் நிக்கும்."

"வெறும் வெள்ளைச் சுவரு. அதுல பார்க்க என்ன இருக்கு?" என்று முணுமுணுத்தார் அத்தை. பாவம், காலமெல்லாம் குனிந்து ஊசியைப் பார்த்த கண் அது.

திரும்பி வரும்போது அவர்களுக்கு முன்னால் ஒருவர் போனார். அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"எந்த மகராசன் தைச்சானோ," என்றார் அத்தை. அதற்குப் பிறகு கண் அந்தக் காலரை விட்டு நகரவில்லை. அதையே முறைத்துக்கொண்டு நடைபாதையின் மேடு பள்ளமெல்லாம் ஜம்மென்று தாண்டினார். பட்டாணியின் கையைக்கூடப் பிடிக்கவில்லை.

பட்டாணி அதைக் கவனித்தாள். வீட்டுக்குப் போனதும் தன் நீலச் சட்டையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டாள்.

அடுத்த வகுப்புக்கு அப்பாவும் வந்தார். பட்டாணி அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சுவரில் சாய்ந்து, அத்தைக்கு நேர் எதிரே நின்றாள்.

அத்தை காலைத் தூக்கினார். "ஒண்ணு," என்றார் டீச்சர். அத்தையின் கண் கீழே இறங்கப் பார்த்தது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஏய், யாருடி அந்தப் பொத்தானைத் தைச்சது?"

"நான்தான் அத்தை."

"நீலச் சட்டைக்குச் சிவப்பு நூலா?"

"நாலு... அஞ்சு..." டீச்சர் எண்ணிக்கொண்டே போனார்.

"அதுவும் கோணலா! நாலு ஓட்டைப் பொத்தான், மூணு ஓட்டையிலதான் நூல் போயிருக்கு. நாலாவது என்ன, காத்து வாங்கவா?"

பத்து முடிந்தது. டீச்சர் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, போதும், காலை இறக்கு," என்றார் அப்பா.

"சும்மா இருடா. முதல்ல இவளைக் கேட்டு முடிக்கிறேன்."

அப்புறம்தான் அத்தை தன் காலைப் பார்த்தார். மெல்ல இறக்கினார். பட்டாணியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண் கலங்க அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அன்று மாலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அத்தை மாடி ஏறினார். மெஷின் மேல் இருந்த தூசியைத் தட்டினார். பட்டாணிக்கு ஒரே சந்தோஷம்.

"சட்டையைக் கொடு, அந்தப் பொத்தானைச் சரி பண்ணிடறேன்."

நூலை வெட்டப் போன அத்தை சற்று யோசித்தார். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"வேண்டாம், இப்படியே இருக்கட்டும். இன்னொரு கால் பாக்கி இருக்கே."