நிமிராமல் போட்ட கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜமேரி பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பின்தெருவில் இருந்த டாக்டர் குப்புராஜின் ஆஸ்பத்திரியைத் திறந்தாள். பழைய ஓட்டு வீடு. வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு, உள்ளே டாக்டரின் மேசை, அதை ஒட்டி அவளுடைய சின்ன மேசை. பதினோரு வருஷமாக அங்கே சீட்டு எழுதுவதும், ஊசி கொதிக்க வைப்பதும், தரை துடைப்பதும் அவள்தான்.

செவ்வாய் என்றால் டிரைவர்களின் நாள். பஸ்ஸும் லாரியும் ஓட்டுகிறவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால், உடம்பில் கோளாறு இல்லை என்று டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். கண்ணைச் சோதிக்க வேண்டும், காதைச் சோதிக்க வேண்டும், வலிப்பு உண்டா என்று கேட்க வேண்டும். குப்புராஜ் இதில் எதையும் செய்ததில்லை. ராஜமேரி படிவத்தை நிரப்பி நீட்டுவாள். அவர் அன்றைய செய்திப் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், சட்னி ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துவிட்டுக் கையெழுத்தைக் கிறுக்குவார். பிறகு ஓர் ஏப்பம் விட்டு, "அடுத்து" என்பார். எதிரே நிற்பது மனுஷனா மாடா என்றுகூட அவருக்குத் தெரியாது.

படிவத்தில் அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும். டாக்டரே பார்க்காதபோது ராஜமேரி எதைப் பார்த்து எழுதுவாள்? அவளாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். இடது கன்னத்தில் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு. வந்தவர்கள் எல்லோருக்கும் அதே மச்சம், அதே தழும்பு. ஓர் அதிகாரியும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை. அவர்களும் படித்தால்தானே கேட்பார்கள்.

பஸ் டிரைவர் மாதையன் வந்த அன்று மட்டும் அவள் பேனா நின்றது. அவனே குனிந்து மெல்லச் சொன்னான்.

"மாசத்துக்கு ஒருவாட்டி வலிப்பு வந்துடுதுங்க. வூட்ல சாவிக்கொத்தைக் கையில குடுப்பாங்க, நின்னுடும். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமுங்க."

ராஜமேரி எழுந்துபோய் டாக்டரின் காதில் போட்டாள். அவர் தலை நிமிரவில்லை. இல்லை என்று எழுது, அவனும் பிழைக்க வேண்டாமா என்றார். அவள் எழுதினாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு இன்றும் கூசும். தன் கையை நினைத்துத்தான்.

நாலே மாதம். ஆடியில் ஒரு தூறல் காலையில், மாதையன் ஓட்டிய பஸ் ஒகேனக்கல் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த மூன்று பெண்கள் மேல் ஏறியது. சாலம்மாள், தீர்த்தம்மாள், பெரியம்மாள். மூவருமே செத்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் முதலில் டிரைவரிடம்தான் ஓடினார்கள். அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அவன் உதற உதற அந்தச் சாவிகள் கலகலவென்று வெகுநேரம் கேட்டதாம். சக்கரத்தின் அடியில் ஈரச் சேற்றில் கிடந்த சாலம்மாளின் கையில், இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள் மட்டும் உடையாமல் இருந்தனவாம். பதினோரு வருஷமாக ராஜமேரிக்குக் கீரை கொடுத்த கை அது.

வழக்கு தருமபுரி கோர்ட்டுக்குப் போனது. வலிப்புக்காரனுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது என்று கேள்வி வந்தது. வியாழக்கிழமை ஆஜராகும்படி டாக்டருக்கும் சம்மன், அவளுக்கும் சம்மன். டாக்டர் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். நான் சோதித்தேன், சோதித்துச் சொன்னதை நீ எழுதினாய், அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீயும்தான் உள்ளே போவாய் என்றார். புருஷன் இல்லாத ராஜமேரி சரி என்று தலையாட்டியிருந்தாள்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

பன்னிரண்டு மணி வெயில் வாசலில் கண்ணைக் கூசவைத்தது. டிரைவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். டாக்டர் சாப்பாட்டுக்கு முன்னால் பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ராஜமேரி முத்திரைக் கட்டையைத் துடைக்கும்போது டெட்டால் நெடியைத் தாண்டி வேறொரு வாசனை வந்தது. டீசலும் ஈரச் சேறும்.

கூடவே நசுங்கிய கீரை.

அவள் நிமிர்ந்தாள். பெஞ்சில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முக்காடு முகத்தை மறைத்திருந்தது. புடவையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே பொட்டு மழை இல்லை.

"அடுத்து" என்றார் டாக்டர்.

முதல் பெண் எழுந்து வந்தாள். நடக்கும்போது ஒரு கால் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பவில்லை. மேசைமேல் ஒரு படிவத்தை வைத்தாள். அந்தக் கையில் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு.



டாக்டர் விரலைத் துடைத்தார். கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேசைக்குத் தள்ளினார். ராஜமேரி படித்தாள். எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. பெயர் சாலம்மாள். பார்வை நன்று. வலிப்பு இல்லை. கனரக வாகனம் ஓட்டத் தகுதி உடையவர். அங்க அடையாளம் என்ற இடத்தில் மட்டும் மச்சம் இல்லை. மண்டையின் வலப்பக்கம் நசுங்கல், இடுப்புக்குக் கீழே எலும்பு இல்லை என்றிருந்தது.

வேண்டாம் என்று மனசு கத்தியது. பதினோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போய் முத்திரையைக் குத்தியது.

"அடுத்து."

குத்தினாள்.

"அடுத்து."

குத்தினாள். மூவரும் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்கள். எங்கோ சாவிகள் கலகலத்தன.

பெஞ்சில் மூன்று ஈரத் திட்டுகள். அவள் துடைத்தாள், மறுபடி வந்தன. கண்டதை டாக்டரிடம் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து, வெயில் அவள் தலைக்கு ஏறிவிட்டது என்றும், வியாழக்கிழமை கோர்ட்டில் இப்படி எதையாவது உளறி வைக்காதே என்றும் சொல்லிவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். அந்த முதுகைப் பார்த்தபோது அவளுக்குப் பயத்தைவிட அருவருப்புதான் அதிகம் வந்தது. அந்த ராத்திரியே தீர்மானித்துவிட்டாள். உள்ளே போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் டாக்டர் வெள்ளைச் சட்டையும் பேப்பருமாக நின்றார். தருமபுரி பஸ் வந்தது. அந்த நேரத்துக்கு ஆட்கள் படியில் தொங்க வரும் பஸ் அன்று காலியாக வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று டாக்டர் பேப்பரைப் படித்தபடியே ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தார்.

ராஜமேரி படியில் கால் வைத்தாள்.

டீசல். ஈரச் சேறு. கீரை.

டாக்டருக்குப் பின்சீட்டில் முக்காடு போட்ட இரண்டு பெண்கள். ஸ்டீயரிங் மேல் ஒரு கை. அதில் பச்சை வளையல்கள். முழங்கையிலிருந்து நீர் சொட்டியது.

அவள் அந்த மனுஷனை வெறுத்தாள். ஆனாலும் வாய் திறந்தது.

"டாக்டர், ஒருவாட்டி நிமிர்ந்து பாருங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"ஏறும்மா, நேரமாச்சு."

"யாரு ஓட்டறாங்கன்னு பாருங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"யாரு ஓட்டுனா என்ன?" என்றார், நிமிராமல்.

அவள் காலை எடுத்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியே விரித்த பேப்பர் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

டைம் கீப்பரிடம் ஓடினாள். எட்டு மணி வண்டி இன்னும் வரவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்றார் அவர். சொல்லி வாய் மூடுவதற்குள், படியில் ஆட்கள் தொங்க அந்த வண்டி வந்து நின்றது. அவள் அதில் ஏறி, வழி நெடுக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனாள். கவிழ்ந்த பஸ் எதுவும் கண்ணில் படவில்லை.

கோர்ட்டில் டவாலி டாக்டர் குப்புராஜின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. அடுத்து ராஜமேரியைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியபோது மாதையன் தலை குனிந்து நிற்பது தெரிந்தது. அவன் இடது கன்னத்தில் மச்சம் இல்லை. அதைப் பார்க்கச் சொல்லித்தான் அவள் ஆரம்பித்தாள்.

"டாக்டர் யாரையும் பார்த்ததில்லைங்கய்யா. இந்த மச்சம் நானா எழுதுனது. இவுரு வலிப்புன்னு சொன்னாரு. இல்லைன்னு எழுதுனதும் நாந்தான்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். என்ன தண்டனை வந்தாலும் வரட்டும் என்று வராந்தாவுக்கு வந்தாள். வெயில் காய்ந்தது. சுவரோரத்தில் சாட்சிகள் உட்காரும் பெஞ்சு ஒன்று இருந்தது.

பெஞ்சில் ஈரத் திட்டுகள். டவாலி துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க ஊறுகிறது, யார் வந்து உட்கார்ந்தார்களோ என்று முணுமுணுத்தார்.

ராஜமேரி எண்ணினாள்.

நான்கு.

நான்காவது திட்டின் மேல், நனைந்து சேறு படிந்த அன்றைய பேப்பர் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் சட்னிக் கறை.