பேரு விழுற சத்தம்

நாப்பத்தோராவது செகண்டுல அந்தச் சத்தம் இருந்திருக்கவே கூடாது. கிறீச். காகிதத்துல பென்சில் கோடு இழுத்த மாதிரி, சின்னதா. அம்சவள்ளி ஹெட்போன காதோட அமுக்கிப் பிடிச்சு மறுபடியும் ஓட விட்டா. கிறீச்.

அது வெறும் அமைதி ரெக்கார்டிங். படம் எடுக்குற எடத்துல ஒரு நிமிஷம் யாரும் மூச்சுகூட சத்தமா விடாம நின்னு, அந்த எடத்தோட வெறுஞ்சத்தத்தப் பிடிச்சு வெச்சுக்கணும். அப்புறம் படத்துக்கு அடியில விரிச்சு விடலாம். போன சனிக்கெழம, தோட்டத்து ஆளுங்க முன்ன குடியிருந்த பழைய எஸ்டேட் லயத்துல, மொட்ட வெயில்ல, மூணு பேரு அப்படித்தான் நின்னாங்க. அவ, கேமரா பிடிச்ச கிளாஸ்மேட் சரண், நடிக்க வந்த அவ தங்கச்சி புனிதவதி. யாரு கையிலயும் பென்சில் இல்ல.

இப்ப விடியக்காலை மணி அஞ்சு. எட்டு மணிக்குள்ள படத்தப் போட்டிக்கு அனுப்பணும். அம்மா புஞ்சாக் ஆலாம் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட். பக்கத்து மெத்தையில ஒன்பது வயசு புனிதா வாயத் தொறந்து தூங்குறா. ஃபேன் கடக் கடக்குனு சுத்துது, பின்னால செம்பனைத் தோட்டத்துக்குள்ள பூச்சி விடாம கத்துது, ஜன்னல் வழியா எண்ணெய் ஆலையோட புளிச்ச நாத்தம் வருது.

ஆறு நிமிஷப் படம். ஒளிஞ்சு விளையாடுற ஒரு புள்ள காலி லயத்துல ஒவ்வொரு கதவாத் தொறந்து பாக்குது, அவ்வளவுதான். சத்தம் சேக்காம முதல் தடவ பாத்தப்ப சரண் விழுந்து விழுந்து சிரிச்சான். "என்னா இது, உன் தங்கச்சி பாத்ரூம் தேடுற மாதிரி இருக்குலா!"

அவளுக்கு ரோஷம் வந்துடுச்சு. அதே காட்சிக்கு அடியில, காதுக்குக் கேக்குதா நெஞ்சுக்குக் கேக்குதான்னே தெரியாத ஒரு கனத்த முனகல வெச்சா. கடைசிக் கதவுக்கு முன்ன பூச்சி, காத்து, காலடி, எல்லாச் சத்தத்தையும் ஒண்ணொண்ணா இறக்கி இல்லாம ஆக்கினா. மறுபடி போட்டுக் காட்டுனப்ப சரண் ஹெட்போனப் பிடுங்கி எறிஞ்சான். "சனியனே, ஆஃப் பண்ணு!" அதே கதவு, அதே புள்ள. மாறினது சத்தம் மட்டும்தான்.

அந்தக் கிறீச்சு எங்கேர்ந்து வருதுன்னு பாக்க அவ வால்யூம ஏத்துனா. ஏத்த ஏத்த, இரைச்சலுக்கு அடியில ஆம்பளக் குரல் ஒண்ணு. வறண்ட, கரகரத்த, அடிக்க வர்ற மாதிரி குரல். என்னமோ ஒரு பேரச் சொல்லுது. தூரத்துல யாரோ, "இருக்கேன்யா." கிறீச். இன்னொரு பேரு. "இருக்கேன்யா." கிறீச்.

பெரட்டு. அம்மா சொல்லியிருக்காங்க. விடியுறதுக்கு முன்ன தோட்டத்து ஆளுங்க எல்லாரும் வரிசையா நிக்கணும், வேல வாங்குற மண்டோர் பேர் வாசிப்பாரு, குரல் குடுத்தா கணக்கெழுதுற கிராணி கோடு போடுவாரு, பேரு விழுந்துச்சுன்னு அர்த்தம். ஒரு தடவ அம்மா, தூங்கிட்டிருந்த தன் அக்காவுக்காக "இருக்கேன்யா"ன்னு கத்திட்டாங்களாம். கோடு விழுந்துருச்சு. காய்ச்சலோட கெடந்த அந்தப் பெரியம்மாவ வீட்டுக்குள்ள வந்து இழுத்துட்டுப் போனாங்களாம். "யாரு குரல் குடுத்தா என்னா? பேரு விழுந்தா ஆளு போய்த்தான் ஆகணும்"னு சொல்லிட்டு அம்மா சிரிப்பாங்க.

அவ சரணுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டா. "டேய், நீ ஏதாச்சும் மிக்ஸ் பண்ணியா?"

தூக்கக் கலக்கத்துல பதில் வந்துச்சு. "நான் தொடவே இல்ல. ஆனா செம்மலா. அப்படியே வெச்சிரு, நமக்குத்தான் ப்ரைஸ்."

வெச்சா. ஆனா ஒரு எடத்துல தாளம் நொண்டுச்சு. ஏழாவது பேரு தெளிவா இல்ல, அதுக்கு யாரும் குரல் குடுக்கல, கோடும் விழல. வெறும் பள்ளம். படத்துல ஒளிஞ்சு விளையாடுறப்ப புனிதா சொல்ற வசனம் கையில இருந்துச்சு: "இங்கதான் இருக்கேன்." கடைசி வார்த்தைய மட்டும் வெட்டி பள்ளத்துல வெச்சா. அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு.

ஓட விட்டா.

"இருக்கேன்."

கிறீச்.

 அந்தக் கோடு முன்ன அங்க இல்ல.

அவசரமா இரைச்சல வடிகட்டி, ஏழாவது பேர மறுபடி கேட்டா. ஒவ்வொரு எழுத்தா, பல்லக் கடிச்சுக்கிட்டு, அந்தக் குரல் சொல்லுச்சு.

புனிதவதி.

வெட்டி வெச்சத அழிச்சா. ஓட விட்டா. "இருக்கேன்." கிறீச். ம்யூட் பண்ணா. "இருக்கேன்." கிறீச். ஹெட்போனக் கழட்டி மேசையில போட்டா.

பூச்சிச் சத்தம் நின்னுச்சு.

ஒரேடியா இல்ல. யாரோ விரல வெச்சு மெதுவா இறக்குற மாதிரி. அடுத்து ஃபேன் சத்தம் போச்சு. ஃபேன் சுத்துது. காத்து மேல படுது. சத்தம் மட்டும் இல்ல. அடுத்து, தங்கச்சியோட மூச்சுச் சத்தம்.

இதுக்கு அப்புறம் என்ன வரும்னு அவளுக்குத் தெரியும். படத்துல அவளே செஞ்சு வெச்சதுதான்.

திரும்பிப் பாத்தா. மெத்தையில பள்ளம் மட்டும் இருந்துச்சு. வாசக்கதவு அகலமாத் தொறந்து கெடக்கு.

வெளியில, கார் நிறுத்துற எடத்துலேர்ந்து ரோடு வரைக்கும் வரிசை. எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டு. தலையில துணி. கால்ல சேறு. அசையல. கடைசியில புனிதா, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டீஷர்ட்டோட, வெறுங்காலோட.

கூப்பிடணும். கூப்பிட வாயத் தொறந்தா.

"அம்சவள்ளி."

குரல் முன்னாலேர்ந்து வரல. பின்னாலேர்ந்து. வீட்டுக்குள்ளேர்ந்து.

ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா. பல்லு உள்ளங்கையில எறங்குச்சு. குரல் குடுக்கக் கூடாது. குடுக்கவே கூடாது. ஒண்ணு. ரெண்டு. மூணு. வெறும் பள்ளம். கோடு விழல.

விழல.

வரிசையில புனிதா மட்டும் கையத் தூக்குனா. திரும்பல. கிளாஸ்ல பேர் கூப்பிடுறப்ப சொல்ற மாதிரி, நல்ல புள்ளயா, தெளிவா:

"அக்காவும் இருக்காங்கய்யா."

அம்சவள்ளியோட காதுக்குப் பக்கத்துல, ரொம்பப் பக்கத்துல.

கிறீச்.